கண்ணாடியில் ஒரு சிரிப்பு

ஷிகேடாவுக்கு லாரிச் சாவியை எடுத்துக் கொடுப்பவள் அவன் மனைவி. ஜப்பானின் ஹமமட்சு நகரத்துச் சரக்குக் கம்பெனியில் மிஹாரு பரீட்சை எழுதி மேலாளர் ஆனதிலிருந்து இதுதான் நடைமுறை. கிளம்பும் முன்னும் திரும்பி வந்த பின்னும் ஓட்டுநர்கள் ஒவ்வொருவராக அவள் மேஜைக்கு எதிரில் நிற்க வேண்டும். குடித்திருக்கிறானா என்று பார்க்கும் குழாயில் ஊத வேண்டும். கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். பதில் திருப்தியாக இருந்தால்தான் சாவி. கட்டிய புருஷனுக்கும் அதே சட்டம்தான். ஆபீஸில் அவனைக் குடும்பப் பெயரோடு 'சான்' என்ற மரியாதைச் சொல்லைச் சேர்த்துத்தான் கூப்பிடுவாள், யாரோ வெளியாளைக் கூப்பிடுவதுபோல.

அன்று காலை வரிசையில் அவனுக்கு முன்னால் நின்றவன் நிஷியோ. எட்டு வயது இளையவன்.

"தூக்கம் எப்படி?" என்று மிஹாரு அவனைக் கேட்டாள்.

"புதுத் தலையணை மேடம். ராணி மாதிரி தூங்கினேன்."

"ராஜா மாதிரின்னு சொல்லுங்க."

"ராஜாவுக்கு ஆயிரம் கவலை மேடம். தூக்கமா வரும்?"

மிஹாரு பல் தெரியச் சிரித்தாள். அந்தப் பல்வரிசையை ஷிகேடா வீட்டில் பார்த்து எவ்வளவோ காலமாகிவிட்டது.

அவன் முறை வந்தது. ஊதினான்.

"சரியா இருக்கு, ஷிகேடா சான். தூக்கம்?"

"பக்கத்துலதானே படுத்திருந்தே. தெரியாதா?"

"தூங்கினீங்கன்னு போட்டுக்கறேன். பத்திரமா போங்க." சாவி மேஜைமேல் நகர்ந்து வந்தது. அவள் அடுத்த ஆளைப் பார்த்தாள்.

விரைவுச்சாலையில் அவன் நிஷியோவைப் பிடித்துவிட்டான். இருவருக்கும் ஒரே சரக்கு, ஒரே ஊர். மணிக்கு எண்பதில் போனால் முன்வண்டிக்கு எண்பது மீட்டர் விட வேண்டும் என்பது கம்பெனி விதி. அளந்து பார்த்துக்கொள்ளச் சாலையோரத்தில் பலகையே நட்டு வைத்திருக்கிறார்கள். ஷிகேடா பலகையைப் பார்க்கவில்லை. முன்னால் போன லாரியின் பின்கதவைப் பார்த்தான். அதற்கு அந்தப் பக்கம் ஒருவன் ராணி மாதிரி தூங்கி எழுந்து, ஷிகேடாவின் பெண்டாட்டியைச் சிரிக்க வைத்துவிட்டு, நிம்மதியாக ஓட்டிக்கொண்டு போகிறான். ஷிகேடாவின் கால் தானாகவே அழுந்தியது.

இடைவெளி குறைந்ததும் வண்டிக்குள் அலாரம் கூவ ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் கைப்பேசி அடித்தது. ஆபீஸ் எண். மிஹாருதான். இப்போதுதான் நினைப்பு வந்ததாக்கும், காத்திருக்கட்டும் என்று அவன் எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்தது.

இன்னும் நெருங்கினான். நிஷியோவின் வலப்பக்கக் கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. காதில் கருவி மாட்டியிருந்தான். வாய் அசைந்தது. யாருடனோ பேசிக்கொண்டிருந்தான். அப்புறம் சிரித்தான்.

ஷிகேடா ஆபீஸைத் திருப்பி அழைத்தான். வேறு அழைப்பில் இருப்பதாக ஒரு இயந்திரக் குரல் சொன்னது.

அவ்வளவுதான். அந்த வாயைத் தவிர வேறெதுவும் அவன் கண்ணில் படவில்லை. உதட்டைப் பார்த்தே என்ன பேசுகிறான் என்று தெரிந்துகொள்ளலாம் போலிருந்தது. இன்னும் கொஞ்சம் கிட்டப் போனால் போதும். அலாரம் தொண்டை கிழியக் கத்தியது. அது யாருக்கோ கத்துவதுபோல இருந்தது.

இடப்பக்கம் ஓய்விடத்துக்குப் பிரியும் பாதை வந்தது. மஞ்சள் எண்பலகை வைத்த குட்டிக் கார் ஒன்று பக்கத்துத் தடத்திலிருந்து அதற்குள் போக வேண்டும். இரண்டு லாரிகளுக்கும் நடுவில் இருந்த துண்டு இடத்தைத் தவிர அதற்கு வழியில்லை. நுழைந்தது. ஷிகேடா அதைப் பார்க்கவில்லை. லாரி பார்த்தது. பிரேக் தானாக விழுந்து, பெல்ட் அவன் நெஞ்சை அறுத்தது. சாப்பாட்டு டப்பா பறந்து கண்ணாடியில் மோதி, சோறு முழுக்கச் சிதறியது. காரின் பின் இருக்கையில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். அவள் வாய் திறந்திருந்தது. அந்த வாயின் உட்புறம்கூட அவனுக்குத் தெரிந்தது. பிறகு கார் விலகி ஓய்விடத்துக்குள் போய்விட்டது.

நிஷியோவும் உள்ளே திரும்பினான். ஷிகேடா அவன் பின்னால் போய் நிறுத்தினான். நிஷியோ இறங்கி வந்து கதவைத் தட்டினான்.

"அண்ணே, முழுசா இருக்கீங்களா?"

"யார்கூட பேசிட்டிருந்தே?"

"இப்ப கேக்கற கேள்வியா இது?"

"யார்கூடடா?"

"உங்க வீட்டம்மாகூடத்தான். உங்க அலாரம் ஆபீஸ் திரையில விடாம அடிச்சிருக்கு. உங்களைக் கூப்பிட்டா நீங்க எடுக்கல. அதான் என்னைக் கூப்பிட்டாங்க. இங்க ஒதுங்கி உங்களை முன்னால விடச் சொன்னாங்க."

"அதுக்கு எதுக்குச் சிரிப்பு?"

நிஷியோ அவனை ஏற இறங்கப் பார்த்தான். "இருபது டன் முதுகுல ஏற வருது. அழுதா கை நடுங்கும்ண்ணே. அதான் சிரிச்சேன்."

சாயங்காலம் திரும்பியதும் அதே மேஜை. ஊதினான். நிஷியோ பின்னால் நின்றான். அவனுக்கும் பின்னால் இன்னும் நாலு பேர்.

"ஷிகேடா சான், இடைவெளி விடாததுக்குக் காரணம்?" என்றாள் மிஹாரு. "தூக்கமா? உடம்பு சரியில்லையா?"

தூக்கம் என்று சொன்னால் போதும். ஒரு வாரம் ஓய்வு, அப்புறம் மறுபடி லாரி. அவள் பேனா காத்திருந்தது. தூக்கம் என்று சொல்லட்டும் என்றுதான் அவளும் காத்திருந்தாள், அது அவனுக்குத் தெரிந்தது.

"நீ அவன்கூடச் சிரிக்கிறே," என்றான்.

வரிசையில் யாரோ இருமினார்கள். மிஹாருவின் காது சிவந்தது.

"அந்தக் காருக்குள்ள எத்தனை பேர் இருந்தாங்கன்னு தெரியுமா உங்களுக்கு?"

"பாக்கல."

"நான் பாத்தேன், உங்க வண்டிக் கேமராப் படத்துல. உங்களைக் கட்டிக்கிட்டவ நான். அவங்க என்ன பாவம் பண்ணாங்க?" கையை நீட்டினாள். "சாவி."

கொடுத்தான்.

"எப்போ திருப்பித் தருவே?"

"நான் இந்த மேஜையில இருக்கற வரைக்கும் கிடைக்காது. நாளையிலேர்ந்து கிடங்குல பெட்டி அடுக்குங்க." சாவியை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள். "அடுத்தவர்."

நிஷியோ முன்னால் வந்தான். எதையோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தான். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஊதுங்க," என்றாள், சுத்தியலால் அடிப்பதுபோல. நிஷியோ வாயை மூடிக்கொண்டு ஊதினான்.

கதவருகே நின்று ஷிகேடா அதைப் பார்த்தான். பத்தொன்பது வருஷம் ஓட்டிய லாரி போய்விட்டது. ஆனால் அவள் நிஷியோவைப் பார்த்துச் சிரிக்கவில்லை. வயிற்றுக்குள் ஏதோ இதமாக இறங்கியது.