முதல் நாற்காலியில் பக்கவாத்தியக்காரி

ஜோசபினுக்கு முப்பது வருஷப் பழக்கம் ஒன்று. பாடுகிறவர் வாயைத் திறந்த பிறகுதான் அவள் வில் அசையும். பாட்டு எங்கே போனாலும் மயிரிழை பின்னால் அவள் வயலினும் போகும். பக்கவாத்தியத்துக்கு அவளை விட்டால் மதுரையில் ஆளில்லை என்று பாடகர்களே சொல்வார்கள். அழைப்பிதழில் பெயரை மட்டும் சின்ன எழுத்தில் போடுவார்கள்.

அந்தப் பழக்கமே இப்போது அவள் கழுத்தைப் பிடித்தது. டென்மார்க்கின் இசைப்பள்ளி ஒன்றுக்கு ஆசிரியை தேடி, செலோ வாசிக்கும் ஹென்ரிக்கும் இன்னும் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். ஒத்தக்கடைக் கல்லூரி ஒன்றில் அவளைச் சேர்த்துக்கொண்டு நால்வர் கச்சேரி. பிடித்துப்போனால் வருஷத்துக்கு மூன்று மாதம் அங்கே வேலை. சின்ன வயதிலேயே சர்ச்சில் நோட்டு பார்த்து வாசித்தவள், மேற்கத்திய இசை அவளுக்குப் புதிதில்லை. அவளுக்குக் கொடுத்த முதல் நாற்காலிதான் புதிது. அதில் உட்காருகிறவர் தலையசைத்து மூச்சிழுத்தால்தான் மற்றவர்கள் கிளம்புவார்கள்.

ஒத்திகையில் நால்வரும் வில்லைத் தூக்கியபடி சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

“நாங்கள் உங்களுக்காகக் காத்திருக்கிறோம். நீங்கள் யாருக்காக?” என்று ஹென்ரிக் ஆங்கிலத்தில் கேட்டார், மரியாதையாகத்தான். ஜோசபினுக்கு மானம் போயிற்று.

கே.கே. நகர் வீட்டில் கணவர் கிளமெண்ட் விழுந்து விழுந்து சிரித்தார். “வீட்ல எங்களை அந்த விரட்டு விரட்டுற. அங்க போயி ஏம்மா இம்புட்டு பம்முற?”

“நீங்க பாடுங்க, உங்க பின்னாலயும் வாரேன். பாடத்தான் வரலையே!” என்று எரிந்து விழுந்தாள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். கச்சேரிக்கு இருந்த இரண்டே நாளில் அதை எப்படிக் கழற்றுவது? அந்த வேலை அவளுக்கு வேண்டும். ஐம்பது வயதில் ஒன்றுக்கு இப்படி ஆசைப்படுவது அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

கச்சேரியன்று எப்படியோ தலையசைத்துத் தொடங்கிவிட்டாள். தொடக்கம் மொண்டிதான், ஆனாலும் வண்டி ஓடியது. பாதியில் மேலே சுற்றிய ஃபேன் காற்றில் ஹென்ரிக்கின் நோட்டுத் தாள்கள் இரண்டு ஒன்றாகச் சேர்ந்து புரண்டன. மனிதர் கவனிக்காமல் ஒரு பக்கத்தைத் தாண்டிப் போய்விட்டார். மற்ற இருவரும் முழித்தார்கள்.

ஜோசபின் முழிக்கவில்லை. சரணத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் பல்லவிக்குத் தாவும் பாடகர்களை அவள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள்! பாட்டு முழுக்க மனப்பாடம் வேறு. அடுத்த மூச்சில் ஹென்ரிக் இருந்த இடத்துக்கே போய்ச் சேர்ந்தாள். அவளைப் பிடித்துக்கொண்டு மற்ற இருவரும் வந்து சேர்ந்தார்கள். முன்வரிசையில் இருந்த கிளமெண்டுக்குக்கூட ஒன்றும் தெரியவில்லை.

முடிந்ததும் ஹென்ரிக் வேர்த்து வழிய வந்தார். “இதை எங்கே கற்றீர்கள்?”

“பாடுறவங்க பின்னாடி உட்கார்ந்து,” என்றாள். பயத்தில் ஆங்கிலம் கொஞ்சம் தடுக்கியது.

“முன்னால் போக எங்கள் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். அடுத்தவரைக் கேட்டு வாசிக்கத்தான் ஆளில்லை. மூன்று மாதத்தில் அதைச் சொல்லித்தர முடியுமா?”

ஜோசபினுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் யோசிக்கவில்லை, பக்கத்தில் வந்து நின்ற கணவரையும் பார்க்கவில்லை.

“முடியாது,” என்றாள். “ஆறு மாசம் வேணும்.”