சத்தமில்லாத ஜீப்

பெற்றோலிலும் மின்சாரத்திலும் மாறி மாறி ஓடும் அந்த ஜீப்பை நளீம் வாங்கி ஐந்து மாதம் ஆகியிருந்தது. மாத்தளை பஜாரில் யார் நிறுத்திக் கேட்டாலும் அதைப் பற்றி அவன் முதலில் சொல்வது ஒன்றுதான்: "சத்தமே இல்ல மச்சான்." தோல் இருக்கைகள், திறந்து மூடும் கண்ணாடிக் கூரை, பின்னால் எடுக்கும்போது நாலு பக்கத்தையும் காட்டும் திரை எல்லாம் அதற்குப் பிறகுதான். பார்ப்பதற்குச் சின்ன ஜீப் என்றுதான் எவனும் சொல்வான். உள்ளே ஏறிக் கதவைச் சாத்தியதும் அவன் பேச்சு நின்றுவிடும். வெளியே ஊர் வாயசைத்துக்கொண்டிருக்கும். உள்ளே ஒன்றும் கேட்காது.

மிளகு, கராம்பு, சோளம் என்று ஊர் ஊராகப் போய் வாங்கி விற்பவன் அவன். இத்தனை வருடமும் ஒரு டீசல் வேனில் குலுங்கித் திரிந்தவன். பக்கத்தில் இருப்பவளுக்கு ஒரு சொல் சொல்வதென்றாலும் அந்த வேனில் தொண்டை கிழியக் கத்த வேண்டும். "கலியாணம் முடிச்ச நாள்லருந்து இப்பதான் இவரு மெதுவா பேசி நான் கேக்குறேன்" என்று அவன் மனைவி ஸில்மியா எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள்.

ஒரு தடவை மட்டும் அவள் சிரிக்கவில்லை. ஜீப் வந்த புதிதில், ஒழுங்கைக்குள் பின்னால் எடுத்தபோது பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று சக்கரத்தில் அகப்பட்டது. நளீம் கோழிக்குக் காசைக் கொடுத்துவிட்டு, "கோழிக்கும் கேக்கல்ல பாத்தியா" என்றான். ஸில்மியா இறகுகளைப் பெருக்கி அள்ளிக்கொண்டு பேசாமல் உள்ளே போனாள்.

லக்கல பக்கம் ஒரு கிராமத்தில் முஸம்மில் இருந்தான். காடு வெட்டிய சேனை நிலத்தில் சோளம் போடுகிறவன். நளீமுக்கு வருடா வருடம் கொடுக்கிறவன். நளீமை நானா என்றும் ஸில்மியாவைத் தாத்தா என்றும், அண்ணன் அக்கா முறையில், கூப்பிடுகிறவன். பழைய வேன் மலை இறக்கத்தில் முனகிக்கொண்டு வரும்போதே அவனுக்குக் கேட்டுவிடும். மனைவி அம்றாவைத் தேநீருக்குத் தண்ணீர் வைக்கச் சொல்லிவிட்டு வீதியில் வந்து நிற்பான். நளீம் இறங்கும்போது தேநீர் சூடாக இருக்கும். அந்தப் பக்கத்தில் தொலைபேசிக்குச் சிக்னல் கிடைப்பது அருமை. வேனின் சத்தம்தான் தகவல்.

இந்த முறை அறுவடையைப் பார்க்க நளீம் ஜீப்பில் போனான். பிள்ளைகள் விடுமுறைக்கு உம்மா வீட்டுக்குப் போயிருந்ததால் ஸில்மியாவும் கூட வந்தாள். இறத்தோட்டையைத் தாண்டி மலையேறும்போது பனி கண்ணாடியில் வந்து ஒட்டியது. அந்தப் பக்கம் இறங்கியதும் காற்று காய்ந்துவிட்டது. கடைசித் துண்டு வீதி உடைந்து கிடந்தது. இரண்டு பக்கமும் காடு நெருங்கி வந்து, கிளைகள் ஜீப்பின் கதவுகளைத் தடவின. மஃரிப் தொழுகைக்குக் கொஞ்சம் முந்திய மாலை நேரம். விளக்குப் போடத் தேவையில்லாத அளவுக்கு வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது.

முன்னால் ஒருவன் நடந்து போய்க்கொண்டிருந்தான். தலையில் துவாய் சுற்றியிருந்தது, கையில் கடைப்பை.

"அந்தா போறது முஸம்மில்" என்றான் நளீம்.

"ஹோன் அடிங்க."

"இரு, இரு. ஒரு வேடிக்க காட்டுறேன். பக்கத்துல போய் கண்ணாடிய எறக்கி ஸலாம் சொல்றேன். அவன் துள்ளுற துள்ளல பாரு."

"ஒங்களுக்கு வயசு நாப்பத்தாறு."

"நாப்பத்தாறு வருஷமா இப்பிடி ஒரு வாகனம் நமக்கு இருக்கல்லயே!"

அவன் காலைத் தளர்த்தினான். எஞ்சின் தானாக அணைந்தது. ஜீப் மின்சாரத்தில் ஊர்ந்தது. ஸில்மியாவுக்கும் சிரிப்பு வந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இலைகள் கதவில் உரசின. சக்கரத்தின் கீழ் காய்ந்த கொப்பு ஒன்று முறிந்தது.

முஸம்மில் நின்றான். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னாளில் நளீமின் மனதில் திரும்பத் திரும்ப வந்தது அதுதான்: அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை. அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து சொல்லிக் கொடுப்பது அது. பின்னால் இலை அசைந்து, கொப்பு முறிந்து, வேறு ஒரு சத்தமும் இல்லையென்றால் வருவது ஆனை. அவ்வளவு பெரிய உடம்பு அடி வைப்பது கேட்காது. திரும்பிப் பார்த்து நிற்கும் நேரத்தில் ஓடு.

கடைப்பை விழுந்து சீனி சிதறியது. முஸம்மில் பாய்ந்தான். வீதியோரம், மதகு, அதற்கப்பால் ஒன்றுமில்லை. அவன் விழுந்த சத்தம் அந்த ஜீப்புக்குள்ளும் கேட்டது.

"யா அல்லாஹ்!" என்று ஸில்மியா கத்தினாள்.

நளீம் கற்களில் வழுக்கிக்கொண்டு கீழே இறங்கினான். வற்றிய ஓடை. முஸம்மில் பாறைகளுக்கு நடுவே கிடந்தான். ஒரு கால் இருக்கக்கூடாத பக்கத்தில் இருந்தது. நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்து காதுக்குள் போனது. கண்ணைத் திறந்து நளீமைப் பார்த்ததும் அவன் முகம் இன்னும் வெளிறியது.

"நானா… ஆனை… நிக்காதீங்க, வாகனத்துக்குள்ள போங்க… தாத்தாவ கூட்டிக்கிட்டு போங்க."

நளீம் வாயைத் திறந்தான். "ஒன்னுமில்ல, ஒன்னுமில்லடா" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

ஸில்மியாவின் கத்தலுக்கு ஊர் ஓடி வந்தது. முஸம்மிலின் தம்பி ஸஹாப்தீன் முன்னால் வந்தான். அண்ணன் சொன்னதைக் கேட்டதும் காட்டுப் பக்கம் திரும்பி ஆனை வெடியைக் கொளுத்திப் போட்டான். வெடி மலையில் பட்டுத் திரும்பி வந்தது. காட்டுக்குள்ளிருந்து குரங்குகள் மட்டும் கத்தின.

பழைய கதவு ஒன்றைக் கொண்டுவந்து அதில் கிடத்தித் தூக்கினார்கள். ஜீப்பின் பின்னிருக்கையை மடித்து அவனை உள்ளே தள்ளினார்கள். ஒரு நாள் தேநீர்க் கோப்பையோடு ஏறியதற்கு நளீம் மகளை ஏசிய இருக்கை அது. அதில் ரத்தமும் ஓடைச் சேறும் ஊறின. ஸில்மியா அவன் தலையைப் பிடித்துக்கொண்டாள். அம்றா காலடியில் குந்தினாள்.

மாத்தளை வரைக்கும் மலை வீதி. பழைய வேனென்றால் அதன் இரைச்சலில் எல்லாம் அமுங்கியிருக்கும். இந்த ஜீப்பில் ஒவ்வொரு முனகலும் தெளிவாகக் கேட்டது. வளைவில் எலும்பு உரசும்போது முஸம்மில் மூச்சை இழுப்பது கேட்டது. அம்றா ஓதுவது கேட்டது. ஓதலுக்கு நடுவே அவள் சொன்னாள்:

"அல்லாஹ்தான் ஒங்கள அந்த நேரத்துக்கு அனுப்பியிருக்கான் நானா. நீங்க பின்னால வராட்டி அந்த ஆனை இவர மிதிச்சிருக்கும்."

நளீம் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தான். ஸில்மியா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் வைத்தியர் இடுப்பெலும்பு முறிந்திருப்பதாகச் சொன்னார். ஒப்பரேஷன் செய்தால் உயிருக்குப் பயமில்லை. நேராக நடப்பானா என்பதைப் பிறகுதான் சொல்லலாம். வார்டின் வராந்தாவில் அம்றாவின் தொலைபேசி அடித்தது. ஸஹாப்தீன் மலையேறிச் சிக்னல் பிடித்துப் பேசினான். அவன் குரல் பக்கத்தில் நின்ற எல்லோருக்கும் கேட்டது.

"மதினி, அது அந்தக் காது கிழிஞ்ச ஆனை, கிழிகாதன்தான். வேற ஒன்னு இந்தப் பக்கம் இல்ல. வனவிலங்கு ஆக்களுக்கு சொல்லியாச்சி, நட்டஈடு கிடைக்கும். அவங்க வந்து புடிக்கிற வரைக்கும் நாங்க பாத்துக்கிட்டு இருக்க ஏலா. இன்டைக்கி பொழுதுபட பூசணிக்காய்க்குள்ள வெடி வைக்கிறாங்க. கடிச்சா வாய் இருக்காது."

அம்றா தலையாட்டினாள். ஸில்மியா நளீமை வராந்தாவின் முடிவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"நானும்தான் சிரிச்சேன்" என்றாள். "அது என்ட பங்கு. ஆனா அந்த ஆனைக்கு பேச வாய் இல்ல. ஒங்களுக்கு இருக்கு."

"சொன்னா அந்த நட்டஈடும் இல்லாம போகுமே. அம்றாவுக்கு வேற என்ன இருக்கு?"

"அத குடுக்க நாம இருக்கோம். மொதல்ல அவருக்கிட்ட சொல்லுங்க. பொலிசுக்கு பொறகு."

நளீம் கட்டிலருகே போய் நின்றான். முஸம்மிலின் உதடு காய்ந்திருந்தது. நளீம் சுற்றி வளைக்கவில்லை.

"முஸம்மில், பின்னால வந்தது ஆனை இல்ல. நான். ஹோன் அடிக்காம, ஒன்ன பயங்காட்ட வேடிக்கைக்கு வந்தேன்."

முஸம்மில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். மின்விசிறி ஒரு பக்கமாக ஆடிச் சுற்றியது.

"ஆனை இல்லயா?" என்றான் கடைசியில்.

"இல்ல."

"நான் திரும்பிப் பாத்திருக்கலாம்." அவன் கண் நிறைந்தது. அழுகை வலியால் வந்ததாக நளீமுக்குத் தோன்றவில்லை. "நானா, ஆனைக்கு ஓடினா அவன் மனுஷன். காருக்கு ஓடினவன ஊர்ல என்னன்னு கூப்புடுவாங்க? நான் மவுத்தாகுற வரைக்கும் ஹோன் அடிச்சி ஹோன் அடிச்சி சிரிப்பாங்க."

நளீம் தேடிய சிரிப்பும் அதுதான்.

"அந்தக் கிழிகாதன் என்ட சோளத்த தின்னிருக்கான்" என்று முஸம்மில் மெல்லச் சொன்னான். "ஆள தொட்டதில்ல. அவன கொல்லவும் ஏலா." கண்ணை மூடிக்கொண்டான். "நீங்க செய்யிறத செய்ங்க. என்ன வச்சி சிரிக்க மட்டும் விடாதீங்க."

பொலிஸ்காரர் வந்தபோது அம்றா முந்திக்கொண்டு சிங்களத்தில் ஆனை என்று தொடங்கினாள். நளீம் குறுக்கிட்டான். ஆனை இல்லை, தன் வாகனம் என்றான். பின்னால் வந்ததாகவும், ஹோன் அடிக்கவில்லை என்றும், ஆள் மதகுக்குக் கீழே விழுந்துவிட்டான் என்றும் சொன்னான்.

"வாகனம் தட்டியதா?"

"பிழை என்னுடையது, ஸேர். அவர் மேல் ஒரு பிழையும் இல்லை."

பொலிஸ்காரர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு எழுதினார். தட்டியதென்று அவர் நினைத்துக்கொண்டது நளீமுக்குத் தெரிந்தது. இல்லையென்று சொன்னால் அடுத்த கேள்வி, பிறகு எதற்கு ஓடினான் என்பதுதான். அவன் பேசாமல் நின்றான்.

ஸில்மியா வாங்கிக் கொடுத்த தண்ணீர்ப் போத்தல் அம்றாவின் மடியில் இருந்தது. அதை எடுத்து நளீமின் காலுக்குப் பக்கத்தில் தரையில் வைத்தாள். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நளீம் வெளியே வந்து ஸஹாப்தீனுக்கு எடுத்தான். அவனுக்குச் சிக்னல் இல்லை. திரும்பத் திரும்ப எடுத்தான். வெயில் சாயத் தொடங்கிய பிறகுதான் மறுபக்கத்தில் குரல் கேட்டது.

"ஸஹாப்தீன், வெடி வைக்காதீங்க. ஆனை இல்ல. என்ட ஜீப்."

ஏச்சு வந்தது. அவன் வாப்பாவையும் விட்டுவைக்காத ஏச்சு. நளீம் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் முடியும் வரை கேட்டான். "ஊர்ப் பக்கம் கால வச்சிராதீங்க" என்று முடிந்தது. பூசணிக்காய் வைக்கப்படவில்லை என்பதைப் பிறகு கேள்விப்பட்டான்.

ஜீப்பைப் பொலிஸில் வைத்துக்கொண்டார்கள். மாமரத்தின் கீழ் இலையும் காக்கை எச்சமும் விழுந்து அது கிடந்தது. பரிசோதித்தவர் ஒரு கீறல்கூடக் காணவில்லையாம். நளீம் நீதிமன்றத்தில் கவனயீனத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டி ஜீப்பை மீட்டான். முஸம்மிலின் வீட்டுச் செலவை ஸில்மியா மாதா மாதம் அம்றாவின் கையில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அம்றா எடுத்துக்கொண்டாள், முகத்தைப் பார்க்கவில்லை.

பஜாரில் சிரித்தார்கள். ஸக்கரியாவின் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்த ஒருவன், "சத்தமே இல்லாம ஆள அடிச்சியாமே மச்சான்" என்றான். கடை முழுக்கச் சிரித்தது. நளீம் தேநீரைக் குடித்து முடித்து எழுந்து வந்தான். முஸம்மில் பயந்திருந்த சிரிப்பு தன் மேல் வந்து இறங்கியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். அதனால் பெரிய ஆறுதல் எதுவும் வந்துவிடவில்லை.

முஸம்மிலை வீட்டுக்கு அனுப்பும் நாள் வந்தது. எதில் போவது என்ற பேச்சு எழுந்தபோது, "நானாட ஜீப்புல போறேன்" என்றான் அவன். அம்றா ஏதோ சொல்லப் போனாள். "குலுங்காதுடி" என்றான்.

அவன் ஊன்றுகோலை முழங்காலுக்கிடையில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தான். பின்னால் அம்றாவும் ஸில்மியாவும். இருக்கையில் கறை போகவில்லை. அதன் மேல் பாய்த்துண்டு ஒன்று விரித்திருந்தது.

வீதி உடைந்த இடத்தில் நளீம் மெதுவாக்கினான். எஞ்சின் தானாக அணைந்தது. இலைகள் கதவைத் தடவின. மதகு தெரிந்தது. அதற்கு இப்பால் பெண்கள் இரண்டு பேர், தலையில் விறகோடு, முதுகைக் காட்டியபடி நடந்து போனார்கள். நளீமின் கை ஹோன் மேல் போய்த் தயங்கியது. காடு பக்கத்தில், ஆனை மிரளும், அங்கே ஹோன் அடிக்கக்கூடாது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

முஸம்மில் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டி, முதலில் சிங்களத்திலும் பிறகு தமிழிலும் கூப்பிட்டான்:

"வாகனம் வருது! பயப்புடாதீங்க! வாகனம்தான்!"

பெண்கள் திரும்பிப் பார்த்து ஒதுங்கினார்கள். ஜீப் அவர்களைக் கடந்தது. முஸம்மில் தலையை உள்ளே எடுக்கவில்லை. வீதியில் யாருமில்லாத இடத்திலும் கூப்பிட்டுக்கொண்டே வந்தான்.

நளீமும் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினான்.