முந்நூறு மீட்டருக்குள்

படிக்கட்டின் திருப்பத்தில் நாற்காலி மாட்டிக்கொண்டது. மேலே முதுகுப் பக்கத்தைப் பிடித்திருந்தவர் அத்தான். கீழே, பாரம் முழுவதையும் நெஞ்சில் தாங்கி நின்றவன் தம்பி. நடுவில், நாற்காலியோடு சேர்த்துப் போர்வையால் கட்டப்பட்டு, தலை ஒரு பக்கம் சாய்ந்தபடி அக்கா. விடியற்காலையில் அவள் உயிர் போயிருந்தது.

“கொஞ்சம் இடது பக்கமா சாய்ங்க அத்தான்.”

“சாய எடம் எங்க இருக்கு மச்சான்? செவுருதான் இருக்கு.”

எதிர்வீட்டுத் தையல்காரர் கீழேயிருந்து கை கொடுத்தார். சுவரில் சுண்ணாம்பு உதிர, நாற்காலி மெல்ல நகர்ந்தது. நாலு வருஷம் கழித்து அக்கா கீழே இறங்கினாள்.

கீழே அத்தான் மின்விசிறி ரிப்பேர் பார்க்கும் கடை. குடித்தனம், குளியலறை எல்லாம் மாடியில். அக்காவுக்குக் கால் இரண்டும் முடங்கியபோது, கொல்லைப்புறத்தில் சின்னதாக ஒரு அறையும் குளியலறையும் கட்டி அவளைக் கீழேயே வைத்துக்கொள்ள நினைத்தார்கள். தெருக்கோடியில் எரிபொருள் கிடங்கு இருந்தது. பெட்ரோல் தொட்டிகளைச் சுற்றி முந்நூறு மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்டக் கூடாது என்பது விதி. வீடு கிடங்குக்கு முந்தியது. அதனால் இருந்தபடி இருக்கலாம். ஒரு செங்கல் கூடக் கூடாது. விற்றுவிட்டுப் போகலாம் என்றால், வாங்க வந்தவர்கள் ‘வரம்பு’ என்ற வார்த்தை காதில் விழுந்ததும் பாதிக் காப்பியோடு எழுந்து போனார்கள்.

தம்பி நகரமைப்பு அலுவலகத்தில் வரைவாளன். அந்த வட்டத்தை வரைபடத்தில் போட்டவன் அவனேதான். அதில் அவனுக்கு வருத்தமில்லை. எங்கோ ஒரு கிடங்கு வெடித்துப் பக்கத்துத் தெரு கரிக்கட்டையாகக் கிடந்த புகைப்படங்களைப் பார்த்திருக்கிறான். கோடு சரியான கோடுதான். உறுத்தியது வேறு.

விலக்குக் கேட்டு அக்கா போட்ட மனு அவன் மேஜைக்கே வந்தது. மேலதிகாரி பார்வைக்குக் குறிப்பெழுத அதில் ஓர் இடம் உண்டு. நடக்க முடியாதவர், குடியிருப்போர் எண்ணிக்கை கூடப்போவதில்லை என்று வேறு யாருக்காவது என்றால் இரண்டு வரி எழுதியிருப்பான். எழுதியும் இருக்கிறான். இது சொந்த அக்கா. நாளைக்கு எவனாவது விரலை நீட்டினால்? ‘வரம்புக்குள் வருகிறது. பரிந்துரைக்க வழியில்லை’ என்று எழுதிக் கோப்பை மூடினான். அக்காவிடம், “மேல முடிவு பண்ணிட்டாங்கக்கா” என்றான். அவளும் “சரிடா, நீ சாப்பிட்டியா” என்றாள். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு தவறாமல் அந்தப் படிகளில் ஏறி வந்துகொண்டிருந்தான்.

அமரர் ஊர்தி வரத் தாமதமானது. கை கழுவ இருவரும் கொல்லைப்புறம் போனார்கள். அறை வந்திருக்க வேண்டிய இடத்தில் துருப்பிடித்த விசிறி இறக்கைகள் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. மதிலுக்கு மேலே தொட்டிகளின் வெள்ளை வயிறு தெரிந்தது.

“மனு திரும்பி வந்த அன்னிக்கு, எழுதினவன வாய்க்கு வந்தபடி திட்டினேன் மச்சான்,” என்றார் அத்தான், தண்ணீரை மொண்டு அவன் கையில் ஊற்றியபடி. “உங்கக்கா திட்ட விடல.”

தம்பி கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

“‘அந்த ழ-வப் பாருங்க. வால அப்படிச் சுருட்டிப் போட ஒருத்தனுக்குத்தான் வரும். சிலேட்டுல கையப் புடிச்சு எழுதச் சொல்லிக் குடுத்தவளே நான்தான்’னா.”

“அப்பவே தெரியுமா?”

“அப்பவே தெரியும். உங்ககிட்டக் கேக்கக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. கேட்டா ஞாயித்துக்கெழம வர்றத நிறுத்திருவான்னு சொன்னா.”

அத்தான் இன்னொரு முறை மொண்டார்.

“சோப்பு போகல பாருங்க. நல்லா நீட்டுங்க.”

வண்டி வந்தது. அக்காவைக் கிடத்தி, இரண்டு பக்கமும் இருவரும் ஏறி உட்கார்ந்தார்கள். அந்தத் தெருவிலிருந்து வெளியே போக ஒரே வழி, கிடங்கு வாசலைத் தாண்டித்தான். அங்கே டேங்கர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்துகொண்டிருந்தன. காவலாளி கையைக் காட்டி நிறுத்தினார். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“லாரியெல்லாம் போயிரட்டும் சார். வாசல்கிட்ட நிக்கிற வண்டி இன்ஜின் ஓடக் கூடாது, அணைச்சிருங்க. ரூல்ஸு.”

“எவ்வளவு நேரம் ஆகும்?” என்றார் அத்தான்.

“இன்னும் பதினஞ்சு வண்டி இருக்கு சார்.”

ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார். சன்னல் வழியாக பெட்ரோல் வாடை வந்தது. அத்தான் பக்கம் கண்ணாடி ஏற மறுத்தது. இரண்டு தரம் சுற்றிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

வரும் வழியில் வண்டி குலுங்கியதில் போர்வை விலகி, அக்காவின் ஒரு பாதம் வெளியே தெரிந்தது. நாலு வருஷம் மண் படாத பாதம், வெடிப்பெல்லாம் மறைந்து, குழந்தைக்கு இருப்பதுபோல் வழவழவென்றிருந்தது. தம்பி துணியை இழுத்து மூடினான். கையை அங்கேயே வைத்துக்கொண்டான். வெளியே அடுத்த லாரி மெதுவாக வாசலைக் கடந்து திரும்பியது.