கோடு போட்ட கால்

கெப்பாசிட்டரில் கோடு போட்ட பக்கம் மைனஸ். செங்கல்பட்டு ஐ.டி.ஐ.யில் எங்கள் வகுப்பு மொத்தத்துக்கும் இதைச் சொல்லித் திரிந்த மேதாவி நான்தான், பன்னீர்செல்வம். வாத்தியார் பேச்சைவிட என் பேச்சுக்குத்தான் அங்கே மதிப்பு. அந்தத் திமிரில் ஒருத்தன் படிப்பையே கெடுத்தேன்.

தொண்ணூற்றெட்டில் செய்முறைத் தேர்வு. ஆளுக்கொரு பவர் சப்ளை கட்ட வேண்டும். எனக்கு வந்தது வழக்கமான உருளைக் கெப்பாசிட்டர். பக்கத்து மேசை ஜெபாவுக்குப் புளியங்கொட்டை அளவில் டாண்டலம் என்ற வேறு வகைக் கெப்பாசிட்டர்.

"கோடு போட்ட காலு எதுலடா?" என்று கிசுகிசுத்தான்.

"மைனஸ்ல," என்றேன், திரும்பிக்கூடப் பார்க்காமல். டாண்டலத்தில் மட்டும் கோடு போட்ட கால் பிளஸ். அது எனக்குத் தெரியாது. அவன் சுவிட்சைப் போட்டதும் பட்டென்று வெடித்துப் புகைந்தது. ஜெபா ஃபெயில். நான் வாயே திறக்கவில்லை. அன்று முதல் அவன் முகத்தில் விழிக்கவும் இல்லை.

அன்று நான் கட்டிய பவர் சப்ளைப் பெட்டி போன வாரம் படுத்துவிட்டது. அதைச் சாக்காக வைத்து மாமல்லபுரத்துக்கு பஸ் ஏறினேன். ஜெபா அங்கே படகு வயர்லெஸ் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். இப்போதாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும்.

"இன்னாடா, இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். பெட்டியைத் திறந்து, உப்பிப்போன கெப்பாசிட்டரைக் கழற்றினான். டப்பாவில் துழாவி ஒரு டாண்டலத்தை என் உள்ளங்கையில் வைத்தான்.

"நீயே போடு."

கோடு போட்ட காலைப் பிளஸில் வைத்து ஈயத்தால் பற்றவைத்தேன்.

"அன்னிக்கு உனக்குத் தப்பாச் சொன்னது நான்தான்னு சார்கிட்ட சொல்லியிருக்கணும்டா, ஜெபா. பயந்துட்டேன்."

"சாரு கேட்டாரு, எவன்டா சொன்னான்னு. நானாத்தான் போட்டேன்னேன்."

"ஏன்டா?"

"சொல்லியிருந்தா உன்னையும் ஃபெயிலாக்கியிருப்பாரு. உங்க வூட்ல நீ வேலைக்குப் போவன்னு நம்பி நாலு பேரு. எனக்கு மீன் புடிக்க நைனாவோட போட்டு இருந்துச்சு. அத வுடு, சுவிட்சப் போடு."

எனக்குக் கண் நிறைந்தது. சுவிட்சில் விரல் வைத்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

வெடிக்கவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. ஜெபா இன்னும் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தான்.