தெரிந்த குரல்

லூர்தம்மாவின் வலது கையில் கொதி எண்ணெய் கொட்டி நாட்கணக்காகியும் சுஜாந்தினி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவில்லை. மஞ்சள் பூசினால் ஆறிவிடும் என்றாள். கை வீங்கிச் சீழ் வைத்து, வீட்டில் சமையலும் நின்றுபோன பிறகுதான் அந்த மகராசிக்கு மனம் இளகியது.

காரிலேயே பாடம் நடந்தது. கேட்டால் சித்தி என்று சொல்ல வேண்டும், பிள்ளைகளைப் பார்க்க வந்து நிற்பதாகச் சொல்ல வேண்டும், மிச்சத்தைத் தான் கதைத்துக்கொள்வாளாம். சித்தியாம் சித்தி! மன்னாரிலிருந்து வேலைக்கென்று டென்மார்க்கிலுள்ள சில்க்போர்க்குக்குக் கூட்டி வந்து, பாஸ்போர்ட்டை வாங்கி அலுமாரியில் பூட்டி, விசா முடிந்ததும் வெளியே காலை வைத்தால் பொலிஸ் பிடிக்கும் என்று வெருட்டி, வருடக்கணக்காய்ச் சம்பளமில்லாமல் வேலை வாங்குகிறவளுக்கு இவள் சித்தி. அதுவும் ஆட்கள் வந்தால் மட்டும். மற்ற நேரமெல்லாம் ‘இஞ்சை வா’தான்.

ஆனால் டாக்டர் பெண் லேசுப்பட்டவள் இல்லை. காயத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் லூர்தம்மா சுஜாந்தினியின் முகத்தைப் பார்ப்பதையும் பார்த்தாள். சுஜாந்தினியை வெளியே இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். பிறகு மேசையிலிருந்த போனில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து வெளியாள் ஒருவரோடு லூர்தம்மாவைத் தனியாக விட்டது இன்றைக்குத்தான். எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும். மாதாவே, இதை விட்டால் வேறு வழியில்லை.

“வணக்கம் அம்மா. பயப்பிடாமல் சொல்லுங்கோ” என்றது போன்.

அது யோசேப்பின் குரல். ஞாயிறு பூசை முடிந்து சுஜாந்தினி வீட்டுக்குச் சாப்பிட வருகிற யோசேப். இந்தக் கையைச் சுட்ட எண்ணெயில் பொரித்த ரோல்ஸை, சித்தியின் கைப்பக்குவமே தனி என்று ரசித்துத் தின்ற அதே யோசேப். மொழிபெயர்ப்பாளர் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்று கட்டுப்பாடு இருக்கிறதாம். அது இவளுக்கு எங்கே தெரியும்? இங்கே வாயைத் திறந்தால் அது ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடும், அதுதான் அவளுக்குத் தெரியும்.

“அந்த வீட்டில உங்களை ஆரும் மறிச்சு வைச்சிருக்கினமோ எண்டு டாக்டர் கேக்கிறா.”

“இல்லைத் தம்பி. அவ என்ர பெறாமகள்.”

போனில் ஒரு செருமல் கேட்டது. யோசேப்புக்கும் குரல் பிடிபட்டிருக்க வேண்டும். பிறகு அந்த மனிதன் சொன்னதைச் சொன்னபடி டேனிஷில் சொல்லி முடித்தான். அவ்வளவுதான், எல்லாம் போயிற்று. பாவி, சொல்லியிருக்கலாமே என்று நாங்கள் இங்கே இருந்து சொல்வது சுகம்.

டாக்டர் போனை வைத்தாள். அவள் நம்பவில்லை. கதிரையை இழுத்து எதிரே உட்கார்ந்து, லூர்தம்மாவின் கண்ணைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

“யெல்ப்?”

அந்தச் சொல் லூர்தம்மாவுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் போகும்போது வீட்டுச் சின்னவள் வாசலில் காலை நீட்டிக்கொண்டு கத்துகிற சொல். உதவி என்று அதற்கு அர்த்தம் என யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை. சப்பாத்தைக் கட்டிவிடு என்பதுதான் அவள் அறிந்த அர்த்தம்.

உடனே முழங்காலில் இருந்தாள். டாக்டரின் சப்பாத்தைப் பிடித்து, வீங்கிய கையால் லேஸைக் கட்டத் தொடங்கினாள். விரல்கள் மடங்கவில்லை. புண் உடைந்து சீழ் லேஸில் பட்டது. டாக்டர் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, பேயறைந்தவள் மாதிரி அவளையே பார்த்தாள்.

கோபித்துவிட்டாள் என்று லூர்தம்மா நினைத்தாள்.

“குறை நினைக்காதேங்கோ அம்மா. இறுக்கிக் கட்டுறன்” என்று மறுபடி குனிந்தாள்.

வெளியே சுஜாந்தினி கதவைத் தட்டினாள். டாக்டர் எழுந்துபோய்க் கதவை உள்ளே பூட்டிவிட்டு வந்து, தரையில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இனித் தன்னைப் பொலிஸில் பிடித்துக் கொடுக்கத்தான் போகிறாள் என்று லூர்தம்மா ஓவென்று அழுதாள்.