கியோனி சொன்ன நாலடி

தம்பி பொய் சொல்கிறான் என்ற சந்தேகம் மோமிக்கு மூன்று மாதமாக இருந்தது. அதைவிட மோசமாக இன்னொன்றும் இருந்தது. அவன் சொல்வது உண்மையாகவே இருந்துவிட்டால் என்ன செய்வது?

அலைச்சறுக்குக்குப் பேர்போன மக்காஹா கடற்கரையில் இருபத்திரண்டு வருடம் லைஃப்கார்டாக இருந்தவள் அவள். சர்க்கரை நோய் இரண்டு கண்களையும் வாங்கிக்கொண்ட பிறகு மூன்று வருடம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. ரேடியோவோடு சண்டை, தம்பி கியோனியோடு சண்டை, வாசலில் வந்து நின்ற நாயோடு சண்டை. கடைசியில் லெஹுவா ஆன்ட்டி வந்தாள். நடக்க முடியாதவர்கள், பார்க்க முடியாதவர்கள், போரிலிருந்து திரும்பித் தூக்கம் தொலைத்தவர்கள் என்று யாரைக் கண்டாலும் சனிக்கிழமை காலையில் கடலில் தள்ளிவிடுவது அவள் வேலை. பிடிவாதத்தில் மோமியைவிட ஒரு பிடி கூட. மோமியையும் தள்ளிவிட்டாள்.

முறை எளிது. மோமி சறுக்குப் பலகையில் குப்புறப் படுத்திருப்பாள். பின்னால் நீந்தியபடி கியோனி அலையைப் பார்த்து, "இப்போ!" என்று பலகையைத் தள்ளுவான். அவள் துள்ளி எழுந்து நிற்பாள். கரைப் பக்கம் நின்று லெஹுவா ஆன்ட்டி விசில் ஊத, சத்தம் வரும் திசையில் சறுக்கிப் போவாள். அலை முடிந்ததும் திரும்பி, அதன் உயரத்தைப் பற்றி ஒரே கேள்வி கேட்பாள்.

"எவ்வளவு?"

"நாலடி அக்கா."

மூன்று மாதமாக நாலடிதான். ஆனால் அவள் உடம்பு இரண்டு என்றது. நாலடி அலையில் இறங்கும்போது வயிறு ஒரு நொடி தொண்டைக்கு வரும். இப்போது அது இருந்த இடத்திலேயே நிம்மதியாக இருந்தது. விழுந்தால் நாலடி அலை ஆளைச் சுருட்டித் துவைத்துவிட்டுத்தான் விடும். இவளோ விழுந்த மறுநொடி எழுந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

கேட்டால் கியோனியிடம் பதில் தயாராக இருக்கும். பலகை நீளம். காற்று எதிர்க்காற்று. போன வாரம் நீர் வற்றியிருந்தது.

அவள் துப்பறியத் தொடங்கினாள். பலகையின் வாலை அவன் பிடித்துக்கொண்டே வருகிறானோ என்று காலால் பின்னே உதைத்துப் பார்த்தாள். யாரும் இல்லை. அலையில் நிற்கும் நேரத்தை மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். குறைச்சல்தான், ஆனாலும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. கரையில் இருப்பவர்களைக் கேட்டாள். "கியோனி நாலுன்னா நாலுதான்" என்றார்கள், எல்லோரும் ஒரே மாதிரி. பத்துப் பேர் ஒரே வார்த்தையைச் சொன்னால் யாரோ பாடம் நடத்தியிருக்கிறார்கள் என்று லைஃப்கார்டு வேலை பார்த்தவளுக்குத் தெரியாதா? ஆனால் ராத்திரி படுத்தால் வேறு எண்ணம் வரும். கண் போனது போல உடம்புக்குள் இருந்த அந்தக் கணக்கும் போய்விட்டதோ? முப்பது வருடம் கடல் சொல்லிக்கொடுத்தது அழிந்துவிட்டதோ? அப்படியானால் அவள் தண்ணீரில் இறங்கவே கூடாது. அடுத்தவர் உயிருக்கும் உலை வைத்துவிடுவாள்.

அவளே ஒரு விதி வைத்திருந்தாள். நாலடியில் பத்துத் தடவை விழாமல் வந்தால், அப்புறம் கரையிலிருந்து தள்ளி ஆழத்தில் இருக்கும் வெளிப்பாறை. அங்கே எழும் அலைதான் மக்காஹாவின் அலை. மற்றதெல்லாம் குழந்தைகள் குளிக்கிற இடம். இந்தச் சனிக்கிழமை ஒன்பது தடவை முடிந்திருந்தது. வடக்கிலிருந்து பெரிய அலைகள் வந்துகொண்டிருந்தன. வெளிப்பாறையில் அவை இடிக்கும் சத்தம் மணலில் நின்ற அவள் பாதம் வரை வந்தது.

அன்றைக்குத்தான் கலேயோ திரும்பி வந்தான். மோட்டார் சைக்கிளில் விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு இழந்தவன், மோமியோடு ஒரே வகுப்பில் படித்தவன், வாயை மூடத் தெரியாதவன். படுக்கைப் புண்ணால் நாலு மாதம் மருத்துவமனையில் கிடந்துவிட்டு வந்திருந்தான். அகலச் சக்கர நாற்காலியிலிருந்து அவனைத் தூக்கிப் பலகையில் படுக்க வைத்தார்கள். கைகளால் துழாவிக்கொண்டு மோமி இருந்த இடத்துக்கு வந்துவிட்டான்.

"இப்போ!" என்றான் கியோனி. மோமி எழுந்தாள், நின்றாள், விசிலைப் பார்த்துப் போனாள், விழாமல் இறங்கினாள். பத்து.

"எவ்வளவு?"

"நாலடிக்கா!"

பின்னாலேயே வந்துவிட்ட கலேயோ பக்கத்தில் கைதட்டினான். "அம்மாடி! ரெண்டடி அலைக்கு இவ்வளவு அலட்டலா?"

கியோனி இருமினான்.

"நீ இருமாதடா," என்றாள் மோமி. "கலேயோ, இன்னொரு தடவ சொல்லு. எத்தனை?"

"ரெண்டு. அதுவும் பெரிய மனசு பண்ணி."

"இவன் நாலுங்கறான்."

"நாலா? எங்கேருந்து பாத்தா நாலு?" கலேயோவுக்குப் புரிந்துவிட்டது. பிறகு தண்ணீரைக் குடித்துப் புரையேறும் அளவுக்குச் சிரித்தான். "டேய் கியோனி, முன்னாடியிருந்து அளக்குறியா? நீ எந்த ஹோட்டல்ல தங்கியிருக்க?"

மக்காஹாவில் அலையை முதுகுப் பக்கமாகத்தான் அளப்பார்கள். முன்னால் ஆளை மூழ்கடிக்கும் சுவராக நின்றாலும், பின்னாலிருந்து பார்த்து மூன்று என்று சொல்லிவிட்டுப் போவார்கள். முன்பக்கத்தை அளந்து இரண்டு மடங்காகச் சொல்வது விடுமுறைக்கு வந்து வெயிலில் தோலுரிந்து போகிறவர்களின் வேலை. மோமி எல்லாவற்றையும் சந்தேகப்பட்டாள். தன் தம்பி, இந்த மண்ணில் பிறந்தவன், அலையை வயிற்றுப் பக்கத்தில் அளப்பான் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை.

"நான் பொய் சொல்லலக்கா," என்றான் கியோனி. "முன்னாடிலேருந்து பாத்தா நாலுதான்."

"செருப்பு பிஞ்சிரும்."

"முதல் நாளு நீ ஒரடி அலையில வந்துட்டு எவ்வளவுன்னு கேட்ட. மூணு வருஷத்துக்கு அப்புறம் உன் மூஞ்சியில அப்பதான் உயிரு வந்துச்சு. ரெண்டுன்னேன். அப்புறம் அந்தக் கணக்குலேருந்து எப்படிக்கா எறங்கி வர்றது?"

"ஊரையே கூட்டு சேத்துக்கிட்டியா?"

"லெஹுவா ஆன்ட்டிதான் எல்லார்கிட்டயும் சொன்னாங்க. கலேயோ அண்ணன் ஆஸ்பத்திரில இருந்தாரு."

மோமிக்குக் கண் போனபோதுகூட இவ்வளவு கோபம் வரவில்லை. "மூணு மாசம்டா," என்றாள். "மூணு மாசம் நான் என் உடம்ப நம்பாம படுத்திருந்தேன். எல்லாம் போச்சுன்னு நெனச்சேன். நீ எனக்கு நல்லது பண்ணியாக்கும்!" சொல்லும்போதே அழுதுவிட்டாள். ஆனால் அந்த அழுகைக்கு நடுவே வெட்கமில்லாமல் ஒரு சந்தோஷமும் பொங்கியது. உடம்பு சொன்னதுதான் சரி. ஒவ்வொரு தடவையும் சரி.

"கெளம்பு. வெளிப்பாறைக்கு."

"பத்து நாலடின்னு சொன்ன. அது நாலே இல்லியேக்கா."

"விதிய நான் போட்டேன். நானே தூக்குறேன். எத்தனை அடின்னு நீ வாயத் தெறக்கக் கூடாது. இப்போன்னு மட்டும் சொல்லு."

போனார்கள். கலேயோவும் வாயாடிக்கொண்டே வந்தான். லெஹுவா ஆன்ட்டி திட்டியபடியே பலகையில் ஏறி, அலையின் ஓரத்தில் விசிலோடு போய் நின்றாள். வெளியே தண்ணீர் ஆழமாக, குளிராக இருந்தது. மோமியின் பலகைக்கு அடியில் கடல் மூச்சு வாங்குவதுபோல் ஏறி இறங்கியது. அவள் காத்திருந்தாள். இரண்டு அலைகள் போயின. கியோனி தள்ளவில்லை. இவன் இன்றைக்கும் சின்ன அலைக்காகத்தான் காத்திருக்கிறானோ என்று சந்தேகம் மறுபடி தலைதூக்கியது.

"இப்போ!"

பலகை முன்னால் சாய்ந்தது. காலடியில் ஒன்றுமே இல்லாத ஒரு நொடி வந்தது. வயிறு தொண்டைக்கு ஏறியது. விசில் எங்கோ கீழே கேட்டது. அவள் அதை நோக்கி வளைந்தாள். பின்னால் வீடு இடிவதுபோல் அலை விழுந்துகொண்டே வந்தது. நின்றாள், நின்றாள், கடைசியில் நுரை அவளை அடித்துக் கீழே இழுத்தது. உருட்டியது. எது மேல் எது கீழ் என்று தெரியாமல் காத்திருந்து, விட்டதும் மேலே வந்தாள். மூக்கிலிருந்து வழிந்த ரத்தம் உதட்டில் உப்புக் கரித்தது.

யாரோ வேகமாக நீந்தி வந்து அவள் தோளைப் பிடித்தார்கள். கியோனி.

"சொல்லாத," என்றாள். "நான் சொல்றேன். மூணு. பின்னாடிலேருந்து மூணு."

 அவனுக்கு மூச்சு இரைத்தது.

"சொல்லுடா. சரியா?"

"மூணுதான்க்கா." அவன் பல் அடித்துக்கொண்டது. சொல் பாதியில் உடைந்தது. தோளைப் பிடித்திருந்த கை வெடவெடவென்று நடுங்கியது.

எண்ணை யாரும் மாற்றிச் சொல்லலாம். இந்த நடுக்கத்தை அவனால் நடிக்க முடியாது. இத்தனை நாளும் நாலடி என்றபோது அவன் குரல் மீன்கடைக்காரன் விலை சொல்வதுபோல் சாதாரணமாக இருந்திருக்கிறது. கண் தெரியாத அக்காவை உண்மையான அலையில் தள்ளிவிட்டவன் அப்படிப் பேசமாட்டான், இப்படித்தான் பேசுவான்.

மோமி அவன் கையின் மேல் தன் கையை வைத்து அழுத்தினாள். இன்னும் நடுங்குகிறதா என்று பார்த்தாள். நடுங்கியது.

"நம்புறேன்டா," என்றாள்.