சிறிதேவி கேட்ட ஒரே கேள்வி

சோதிலிங்கம் ஒரு கையால் இடியப்பத்தைச் சொதியில் குழைத்துக்கொண்டு, மற்றக் கையால் துப்பாக்கி விற்கும் துவக்குக் கடையின் விலைப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். வெளியே நோர்வேயின் ஹொல்ம்லியாவில் மழையும் பனியும் கலந்து பெய்தது. சித்திரை மாதமாகியும் குளிர் விடவில்லை.

"இஞ்சை பாரும் தேவி, இது நீளம். மற்றது கட்டை. ரண்டுக்கும் ஒரே குண்டுதான். எது நல்லதெண்டு நினைக்கிறீர்?"

சிறிதேவி குசினித் தொட்டியில் ஒரு தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தாள். முன்பே கழுவிய கோப்பைதான் அது. மேசையின் மறுபக்கத்தில் மகள் சாருகா தலையை நிமிர்த்தி அம்மாவைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள். கடைசி வருடப் பாடசாலை மாணவி அவள்.

கைபேசி அடித்தது. சிறிதேவியின் தம்பி பிலேந்திரன்.

"அத்தான், இண்டைக்கோ துவக்கெடுக்கப் போறியள்? கவனம். எங்கடை வீட்டை வரேக்கை சப்பாத்தோடை சேத்து அதையும் வெளியிலை கழட்டி வைச்சிட்டு வாங்கோ."

"உனக்குப் பகிடி. களவு குடுத்தவனுக்குத்தான் தெரியும்."

களவு போனது முந்தைய ஆண்டு ஆவணியில். பிலேந்திரனுடைய மகளின் சாமத்தியவீடு, அதாவது பூப்பு நீராட்டு விழா, ஸ்ட்ரோம்மன் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. எங்கள் சனத்தின் சடங்குகளுக்கு ஒரு முறை இருக்கிறது. மாதக்கணக்கில் முன்பே அழைப்பிதழ் அடிப்போம். நாள், நேரம், மண்டபம் எல்லாம் அதில் இருக்கும். தாய்மாமன் முறை, அத்தை முறை என்று குடும்பம் முழுவதும் காலையிலேயே போயாக வேண்டும். ஆக, எந்த நாளில் எந்த வீடு வெறுமையாக இருக்கும் என்பதை நாங்களே அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுத்துவிடுகிறோம். அலுமாரிக்குள் தங்கம் இருக்கும் என்பதும் கள்ளருக்குத் தெரியும்.

சிறிதேவி வங்கி லொக்கரில் இருந்த நகைகளை இரண்டு நாள் முன்னதாக எடுத்து வந்திருந்தாள். அட்டியலும் காப்புகளும் போட்டுக்கொண்டாள். சாருகாவுக்கென்று சேர்த்தவற்றை உடுப்புகளுக்குள் வைத்துவிட்டுப் போனாள். மாலை திரும்பி வந்தபோது பல்கனிக் கதவு பெயர்ந்து கிடந்தது. சாருகாவுக்குச் சேர்த்த ஒன்றும் மிஞ்சவில்லை. பின்னால் வந்திருந்த சொந்தக்காரர் எல்லாருக்கும் முன்னால் சோதிலிங்கம் கத்தினார்: "லொக்கரிலை கிடந்ததை ஆரடி உன்னை எடுக்கச் சொன்னது?"

சிறிதேவி அன்றைக்கு அழவில்லை. அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஒவ்வொன்றாய் விட்டாள். முதலில் கோயிலுக்குப் போவதை விட்டாள். பிறகு சிறுவர் பூங்கா என்கிற பாலர் பள்ளியில் செய்த வேலைக்கு வைத்தியரிடம் முதுகுவலி என்று சொல்லி லீவு எடுத்தாள். நித்திரை குறைந்தது. சாப்பாட்டில் ஒரு பிடி, இரண்டு பிடிதான். கேட்டவர்களிடம் சோதிலிங்கம் முதலில் முதுகுவலி என்றார், பிறகு ஒரே காரணம் சொன்னார்: "கள்ளன் வந்த பயம். அதுதான்."

சோதிலிங்கம் லிப்ட் திருத்துகிறவர். ஒரு பெட்டி நடுவில் நின்றுவிட்டால் எந்தக் கம்பி, எந்தத் தடை என்று தேடிப் பிடித்துச் சரிசெய்வார். ஆகவே இதையும் அப்படித்தான் யோசித்தார். பயம் என்றால் பாதுகாப்பு வேண்டும், பாதுகாப்பு என்றால் துவக்கு வேண்டும்.

நோர்வேயில் வீட்டுப் பாதுகாப்புக்கென்று யாருக்கும் கைத்துவக்கு கொடுப்பதில்லை. கேட்டால் பொலிஸ் மறுத்துவிடும். இலக்குச் சுடும் விளையாட்டுக்காரருக்குத்தான் அது கிடைக்கும். முதலில் ஒரு சுடும் கழகத்தில் சேர வேண்டும், பாதுகாப்பு வகுப்பு முடிக்க வேண்டும், மாதக்கணக்கில் ஒழுங்காகப் போய்ப் பழக வேண்டும். அதன் பிறகுதான் அனுமதி. அந்தக் காத்திருப்பின் நோக்கமே, கோபத்திலோ பயத்திலோ ஒருவர் ஓடிப்போய் ஆயுதம் வாங்கக்கூடாது என்பதுதான். சோதிலிங்கம் பனிக்காலம் முழுவதும் கழகத்துக்குப் போனார். விளையாட்டில் விருப்பம் என்று சொன்னார். பொய் சொன்னோம் என்று அவருக்குத் தோன்றவில்லை. குடும்பத்துக்காகச் செய்கிற காரியத்தில் பொய் ஏது?

வாங்கும் துவக்கை வைக்க ஒரு இரும்பு அலுமாரியும் வேண்டும். அதைப் போன கிழமை படுக்கையறைச் சுவரில் நாலு பெரிய ஆணி போட்டு இறுக்கினார். அன்றைக்குத்தான் அந்த அதிசயம் நடந்தது. மாதக்கணக்காக எதையுமே விசாரிக்காத சிறிதேவி அறை வாசலில் வந்து நின்று கேட்டாள்:

"திறப்பை எங்கை வைப்பியள்?"

சோதிலிங்கத்துக்கு மனம் நிறைந்துவிட்டது. மனுசி கேள்வி கேட்கிறாள்! எல்லாவற்றையும் ஆசையாக விளங்கப்படுத்தினார். பூட்டைத் திறந்து மூடிக் காட்டினார். பூட்டின் சாவியான திறப்பு எங்கே இருக்கும் என்று சொன்னார். குண்டு தனியாக எங்கே இருக்கும் என்பதையும் சொன்னார். சிறிதேவி தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். பின்னால் சலவைத் துணிகளோடு நின்ற சாருகாவும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இன்று அவர் சப்பாத்தை மாட்டும்போது சாருகாவும் எழும்பினாள்.

"நானும் வாறன் அப்பா."

"உனக்கேன் பிள்ளை உந்தக் கடை? அம்மாவோடை இரன்."

"கீழ் வீட்டு ஜெயகுமாரி அன்ரியை வந்திருக்கச் சொல்லியிருக்கிறன். வருவா."

ஜெயகுமாரி கதவைத் தட்டும் வரைக்கும் அவள் அசையவில்லை. அது சோதிலிங்கத்துக்கு விளங்காத பிடிவாதமாக இருந்தது.

கடைக்காரர் நரைத்த தாடி வைத்த ஒரு நோர்வேஜியர். அனுமதிப் பத்திரத்தை வாசித்துவிட்டு இரண்டு பிஸ்டல்களைக் கறுத்த துணியில் வைத்தார். ஒவ்வொன்றையும் முதலில் திறந்து, உள்ளே வெறுமை என்று காட்டினார். அதன் பிறகுதான் கையில் கொடுத்தார்.

"இலக்குச் சுடப் புதிதாகப் பழகுகிறவருக்கு நீளமானதுதான் நல்லது," என்றார் நோர்வேஜிய மொழியில். "குழல் நீண்டால் குறி பார்க்கும் இரண்டு புள்ளிகளுக்கும் இடைவெளி கூடும். கையின் சின்ன நடுக்கம் உங்கள் கண்ணுக்கே தெரியும், திருத்திக்கொள்ளலாம்."

சோதிலிங்கம் கட்டையானதை எடுத்தார். "இது கெதியாய் வெளியிலை வரும்."

கடைக்காரர் புருவத்தை உயர்த்தினார். "எதற்கு அவ்வளவு வேகம்? போட்டியில் துவக்கு மேசையில்தானே இருக்கும்?"

சோதிலிங்கம் பாரம் குறைவு, கை நோகாது என்று ஏதோ சொல்லிச் சமாளித்தார். கடைக்காரர் பிஸ்டலைத் தம் பக்கம் மெதுவாக இழுத்துக்கொண்டார்.

"வீட்டுப் பாதுகாப்பு என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. பூட்டிய அலுமாரி, வேறிடத்தில் குண்டு. நீங்கள் எடுத்து முடிப்பதற்குள் கள்ளன் போய்விடுவான். அநேகமாக அவன் வருவதே நீங்கள் இல்லாதபோதுதான். வருடம் முழுவதும் அந்தத் துவக்கோடு இருக்கப்போவது உங்கள் வீட்டு ஆட்கள்." பிறகு வழக்கமாக எல்லாரிடமும் கேட்பதுபோலக் கேட்டார்: "திறப்பு இருக்கும் இடம் வேறு யாருக்காவது தெரியுமா?"

"மனுசிக்குத் தெரியும். அவவேதான் கேட்டவ," என்றார் சோதிலிங்கம், கொஞ்சம் பெருமையாக.

சாருகா திரும்பிக் கடையை விட்டு வெளியே போனாள்.

அவர் பின்னால் ஓடினார். காருக்குப் பக்கத்தில், நனைந்துகொண்டு நின்றாள்.

"என்ன பிள்ளை? ஏன் இப்பிடி அவமானப்படுத்திறாய்?"

"அம்மா ஏன் திறப்பைக் கேட்டவ எண்டு யோசிச்சனீங்களா அப்பா?"

"பயந்தான். கள்ளன் வந்தால் எடுக்க வேணுமெண்டு…"

"அம்மாக்குக் கள்ளனிலை பயமில்லை. பல்கனிக் கதவைப் பூட்டாமலே விடுறா. நான்தான் ஒவ்வொரு நாளும் பூட்டுறன். நல்ல சாறி எல்லாத்தையும் ஜெயகுமாரி அன்ரிக்குக் குடுத்திட்டா. போன கிழமை எனக்குத் தன்ரை பாங்க் கோட் சொல்லித் தந்தவ. 'நீ கெட்டிக்காரி, அப்பாவைப் பாத்துக்கொள்ளுவாய்' எண்டவ. அப்பிடி ஏன் அப்பா சொல்லுவினம்?"

"விசர்க்கதை கதையாதை!"

"கத்துங்கோ. ஆனால் அந்தச் சாமானை வீட்டுக்குக் கொண்டு வந்தியளெண்டால் நான் பொலிசுக்குச் சொல்லுவன்."

சோதிலிங்கம் காரின் கூரையைப் பிடித்துக்கொண்டார். படுக்கையறையில் தான் விளங்கப்படுத்திய ஒவ்வொரு சொல்லும் திரும்பி வந்தது. எவ்வளவு ஆசையாகச் சொன்னார்! எத்தனை தெளிவாகச் சொன்னார்! அவள் எத்தனை கவனமாகக் கேட்டாள்!

துவக்கு கடையிலேயே கிடந்தது.

வீட்டில் ஜெயகுமாரி தேத்தண்ணி போட்டுக்கொடுத்துவிட்டுக் கீழே போனாள். சோதிலிங்கம் சிறிதேவிக்கு எதிரே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. இப்படியொரு விசயத்தை வாய்விட்டுக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பிழை. உள்ளே இருப்பதைக் கேட்பது, பாரத்தை ஒரு பக்கம் பிடித்துக் கொடுப்பது மாதிரி. அவருக்கு அது தெரியாது. ஆனாலும் கேட்டார்.

"தேவி, சாகவேணும்போலை இருக்கோ?"

அவள் கோப்பையை மேசையில் வைத்தாள்.

"ஓம்," என்றாள். "காலமை கண் முழிக்கேக்கை, ஐயோ இன்னொரு நாள் கிடக்கே எண்டு இருக்கும். கள்ளனிலை எனக்கென்ன பயம்? அவன் கொண்டுபோனது நகை. அண்டைக்கு எல்லாற்றை முன்னாலையும் என்னை நீங்கள் கேட்டியள், ஆர் எடுக்கச் சொன்னதெண்டு. நகை போடாமல் போனால் வித்துப்போட்டம் எண்டு சனம் கதைக்கும், எடு எண்டது ஆர்?"

"நான்தான்."

"பிறகு துவக்கு எண்டியள். நான் ஒண்டே ஒண்டுதான் கேட்டன், திறப்பை எங்கை வைப்பியள் எண்டு. நீங்கள் வடிவா விளங்கப்படுத்தினியள்."

வாசலில் நின்ற சாருகா வந்து அம்மாவின் தோளைப் பிடித்தாள். அப்போதுதான் சிறிதேவி அழுதாள். எட்டு மாதமாக வராத அழுகை, சத்தமில்லாமல் வந்தது.

சனிக்கிழமை என்பதால் குடும்ப வைத்தியர் இல்லை. மூவருமாக நகரத்தின் அவசர வைத்திய நிலையத்துக்குப் போனார்கள். அங்கே ஒரு இளம் பெண் மருத்துவர் சிறிதேவியைத் தனியே அழைத்துப்போய் நெடுநேரம் கதைத்தார். வெளியே வந்து, இது மனச்சோர்வு நோய், பயமோ சோம்பலோ அல்ல என்றார். மருந்தும் பேச்சும் வேண்டும், சில நாட்கள் இங்கேயே வைத்துப் பார்க்க வேண்டும், சுகம் வரும், ஆனால் மெதுவாகத்தான் வரும் என்றார். வீட்டில் ஆபத்தான பொருள் ஏதாவது உண்டா என்றும் கேட்டார். "இல்லை," என்றார் சோதிலிங்கம்.

காத்திருக்கும் இடத்தில் கைபேசி அடித்தது.

"என்ன அத்தான், துவக்கெடுத்தாச்சோ?"

"இல்லையடா. ஆசுப்பத்திரியிலை நிக்கிறம். அக்காக்கு மனம் சுகமில்லை. சாகிற யோசினையோடை இருந்திருக்கிறா."

பிலேந்திரனின் குரல் தணிந்தது. "அத்தான்… உதை ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. சாருகாக்கு நாளைக்குக் கலியாணம் காட்சி இருக்கு. சனம் விசர் எண்டு கதைக்கும். வயித்துக்குத்து எண்டு சொல்லுவம்."

சோதிலிங்கம் எதிரே பார்த்தார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால், மகள் தாயின் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"எட்டு மாதமா நானும் அதைத்தான்ரா சொன்னனான். ஒருக்கா முதுகுவலி எண்டன், ஒருக்காப் பயம் எண்டன். சனத்துக்கு மறைக்கப்போய் எனக்கே மறைச்சுப்போட்டன். கள்ளனுக்குக் கதவைப் பூட்டலாம், நகையை லொக்கரிலை வைக்கலாம், அது போதும். நோய் இருக்கிற வீட்டுக்கு வைத்தியரைத்தான் கூப்பிட வேணும். நான் துவக்கைக் கொண்டுவரப் பாத்தன். கேக்கிற எல்லாருக்கும் சொல்லு பிலேந்திரன், அக்காக்கு மனம் சுகமில்லை, மருந்து எடுக்கிறா எண்டு. வெக்கப்பட்டு மறைச்சால்தான் ஆளைப் பறிகுடுப்பம்."